ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டை ஓட்டுநரின் கண்ணால் பார்த்து வாங்குங்கள்

மாலை மயங்கும் நேரம். சாலையோரத்தில் ஒருவர் குனிந்து குழி தோண்டிக்கொண்டிருக்கிறார். எதிரே மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு கார் வருகிறது. அந்த வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஆள் கண்ணில் பட்டு, அது ஆள்தான் என்று மனதில் உறைத்து, கால் பிரேக்குக்குப் போக 2 நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளேயே 44 மீட்டர் போயிருக்கும். காய்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க இன்னும் 36 மீட்டராவது வேண்டும். ஆக, 80 மீட்டர் தூரத்திலேயே அவர் தெரிந்தாக வேண்டும். ஈரச் சாலை என்றால் இன்னும் தள்ளியே தெரிய வேண்டும். டிம் லைட்டில் கறுப்புச் சட்டைக்காரரை அவ்வளவு தூரத்தில் கண்டுகொள்வேன் என்று எந்த ஓட்டுநரும் சத்தியம் செய்ய மாட்டார்.

அந்த 80 மீட்டரைச் சம்பாதித்துத் தருவதுதான் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டின் வேலை. ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சீருடை வாங்குவது போலத்தான் வாங்குகிறார்கள்: எத்தனை பேர், என்ன சைஸ், முதுகில் கம்பெனி பெயர் எவ்வளவு பெரிதாக வரும் என்று பார்ப்பதோடு சரி. போடுகிறவருக்கு அது எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரிகிறது என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இருக்கையிலிருந்துதான் பார்க்கப் போகிறோம்.

துணிக்குப் பகல் வேலை, பட்டைக்கு இரவு வேலை

ஜாக்கெட்டில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கண்ணைப் பறிக்கும் மஞ்சளோ ஆரஞ்சோ ஒன்று. அதன்மேல் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டை மற்றொன்று. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

முதலில் துணி. ஹைலைட்டர் பேனாவால் ஒரு வரியைத் தீட்டிப் பாருங்கள், சாதாரண மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால் பக்கத்து வரியைத் தீட்டிப் பாருங்கள். ஹைலைட்டர் வரி தாளை விட்டு எழும்பி நிற்பது போல இருக்கும். அதில் இருப்பது ஃப்ளோரசன்ட் சாயம். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் கொஞ்சம் நீல ஒளியையும் அது விழுங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ திருப்பி உமிழ்கிறது. தன்மேல் விழுந்த மஞ்சளைவிட அதிக மஞ்சளைத் திருப்பிக் கொடுப்பதால்தான் உள்ளே விளக்கு எரிவது போலத் தெரிகிறது. மேகமூட்டத்திலும் விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் மற்ற நிறங்கள் மங்கிப்போக, இது மட்டும் விடாப்பிடியாகத் துலங்குவதற்கும் அதுவே காரணம்.

இந்தச் சாயத்தின் பிறப்பு ஒரு சுவையான கதை. 1930களில் அமெரிக்காவில் பாப் சுவிட்சர், ஜோ சுவிட்சர் என்ற சகோதரர்கள் இருட்டில் ஒளிரும் பெயின்டுகளோடு விளையாடப்போய், கடைசியில் பகலிலேயே ஒளிரும் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். முதல் ஒளிர் உடை பாபின் மனைவியின் கல்யாண உடையில் சாயமேற்றிச் செய்தது என்று சொல்வார்கள். 1964இல் பிரிட்டிஷ் ரயில்வே, கிளாஸ்கோ பகுதியில் தண்டவாள வேலையாட்களுக்கு ஆரஞ்சு ஒளிர் மேலுடை கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. இன்று சாலையில் நாம் பார்க்கும் ஜாக்கெட்டுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இப்போது சூரியன் மறைந்துவிட்டது. வண்டியின் ஹெட்லைட்டில் புற ஊதாக் கதிர் இல்லை என்றே சொல்லலாம், நீல ஒளியும் பகலைவிட மிகக் குறைவு. விழுங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் உமிழவும் பெரிதாக ஒன்றும் இல்லை. அவ்வளவு பளீரென்று இருந்த துணி வெறும் வெளிர் நிறத் துணியாகிவிடுகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்குக்கு அடியில் பச்சையா ஆரஞ்சா என்றுகூடச் சொல்ல முடியாது. இரவு ஷிஃப்டுக்குப் பட்டை இல்லாத ஒளிர் சட்டையைக் கொடுப்பது பகலில் டார்ச் கொடுப்பது மாதிரிதான்.

இரவில் பட்டைதான் ஆள். ஒரு முகக்கண்ணாடியில் சாய்வாக ஒளி பட்டால் மறுபக்கம் தெறித்து ஓடிவிடும். வெள்ளைச் சுவரில் பட்டால் எல்லாத் திசையிலும் சிதறும். இந்தப் பட்டையில் பட்டால் மட்டும் வந்த வழியே திரும்பிப் போகும். அறையின் மூலையில் பந்தை எறிந்தால் மூன்று பக்கமும் மோதிவிட்டு நம்மிடமே திரும்பி வருகிறதே, அது மாதிரி. பட்டையில் ஒரு வகை அப்படி நுண்ணிய மூலைகளால் ஆனது. மற்ற வகையில் பொடிப் பொடியான கண்ணாடி மணிகள் பரப்பியிருக்கும். ஒவ்வொரு மணியும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பின்பாதியில் அலுமினியப் பூச்சு. உள்ளே நுழையும் ஒளி வளைந்து, பின்பக்கம் பட்டு, மறுபடி வளைந்து, வந்த திசைக்கே வெளியேறும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நீளமான இருட்டு நடையின் ஒரு கோடியில் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். டார்ச்சை நெற்றிப்பொட்டுக்கு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். பட்டை வெள்ளையாகத் தீப்பிடித்தது போல எரியும். அதே டார்ச்சை இடுப்புக்குக் கீழே இறக்கி, ஜாக்கெட்டையே குறி வைத்து அடியுங்கள். பட்டை அணைந்தே போகும். ஒளி திரும்பிப் போனது டார்ச்சுக்கு. கண் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சின்னச் சோதனைக்குள் நிறைய இருக்கிறது. பட்டை எரிவது ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் கண் வைத்திருப்பவருக்கு மட்டும். கார் ஓட்டுநருக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. லாரி, டிப்பர் ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்கு மேலே நன்றாக உயரத்தில் இருப்பதால் அவருக்குத் திரும்பி வரும் ஒளி குறைவு. கனரக வண்டிகள் ஓடும் சைட் என்றால் பட்டையில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது இதனால்தான். ரிவர்ஸில் வரும் வண்டியின் ஓட்டுநர் பின்பக்கக் கண்ணாடியில் பார்க்கும்போது, பட்டைமேல் அவருடைய ஹெட்லைட் விழுவதே இல்லை. அந்த இடத்தில் பட்டையை நம்பிப் பிரயோஜனம் இல்லை. பொது வெளிச்சம் போட்டு, துணியின் வெளிர் நிறமாவது தெரியும்படி செய்ய வேண்டும்.

நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். பட்டை கடையில் பார்க்க வெள்ளிபோலப் பளபளத்தது. வீட்டில் டார்ச் அடித்தால் ஒன்றுமே இல்லை. மணியும் இல்லை, மூலையும் இல்லை, வெறும் சாம்பல் ரெக்ஸின். கடை வெளிச்சத்தில் பளபளப்பதற்கும் இருட்டில் ஒளியைத் திருப்பி அனுப்புவதற்கும் சம்பந்தமே கிடையாது என்பது அன்றைக்குத்தான் புத்திக்கு எட்டியது. அதன்பிறகு எந்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துவிடுகிறேன். போனில் ஃப்ளாஷும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால் நல்ல பட்டை படத்தில் வெள்ளையாகக் கொதிக்கும்.

‘என்னவோ மின்னுது’ என்றால் போதாது

தூரத்தில் ஏதோ மின்னுகிறது என்று ஓட்டுநருக்குத் தெரிந்துவிட்டது. அது தூணா, கூம்பா, மைல்கல்லா, நின்றுபோன வண்டியின் பின்புறமா? ஆள் என்று புரிகிறவரை அவர் வேகத்தைக் குறைக்கப் போவதில்லை.

1973இல் கன்னார் யொஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆட்களின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி செய்து, மற்றதெல்லாம் இருட்டாக இருக்கும் படத்தைக் காட்டினார். அசையாமல் இருக்கும்போது அவை வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கியதுமே பார்ப்பவர்கள் கண நேரத்தில் ‘மனிதர் நடக்கிறார்’ என்று சொல்லிவிட்டார்கள். கை கால் ஆடும் விதம் நம் மூளைக்கு அவ்வளவு பழக்கம்.

இதிலிருந்து ஜாக்கெட் வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. நெஞ்சிலும் முதுகிலும் மட்டும் பட்டை இருந்தால் ஓட்டுநருக்குத் தெரிவது அந்தரத்தில் தொங்கும் ஒரு கட்டம். அதே ஆளின் மணிக்கட்டிலும் முழங்காலுக்குக் கீழேயும் கணுக்காலிலும் பட்டை வந்துவிட்டால் அந்தக் கட்டத்துக்குக் கை கால் முளைத்துவிடும். இன்னொன்று, டிம் லைட் கீழ்நோக்கியே அடிக்கும். தூரத்தில் இருக்கும் ஆளின் காலில்தான் வெளிச்சம் முதலில் விழும், நெஞ்சுக்கு ஏறி வரும்போது வண்டி நெருங்கியிருக்கும்.

அதனால் என் அபிப்பிராயம் இது. ஒரு நல்ல வெஸ்ட் (கையில்லாத ஜாக்கெட்) இருக்கிறது, கையில் இன்னொரு சாமான் வாங்கக் காசு இருக்கிறது என்றால், இன்னும் உயர்ந்த வெஸ்டைத் தேடாதீர்கள். பட்டை வைத்த பேன்ட் வாங்குங்கள். பேன்ட் முடியாதென்றால் கணுக்காலில் கட்டும் பட்டையாவது வாங்குங்கள். கொடி பிடித்து வண்டிகளை நிறுத்துகிறவருக்கு முழுக்கைச் சட்டை கொடுங்கள். அவர் நின்ற இடத்திலேயே நிற்பவர், ஆடுவது கை மட்டும்தான். அந்தக் கையிலும் பட்டை இல்லாவிட்டால் எப்படி?

லேபிளில் என்ன பார்ப்பது

நல்ல ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒரு லேபிள் இருக்கும். அதில் தரநிலை எண்ணும் வகுப்பு எண்ணும் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் புழங்குவது ஐஎஸ்ஓ 20471. அமெரிக்காவில் ஆன்சி 107. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உள்ள தரநிலை பகலுக்கு மட்டும், இரவுக்கு மட்டும், இரண்டுக்கும் என்று உடையைப் பிரித்தே எழுதிவிடுகிறது. புதிதாக வருகிறவருக்கு இதைவிடத் தெளிவான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை.

ஐஎஸ்ஓ 20471இல் மூன்று வகுப்புகள். வகுப்பு 1க்கு 0.14 சதுர மீட்டர் ஒளிர் துணி போதும். வகுப்பு 2க்கு 0.50 வேண்டும். வகுப்பு 3க்கு 0.80. பட்டை இந்த வரிசையிலேயே 0.10, 0.13, 0.20 சதுர மீட்டர். பட்டையின் அகலம் பொதுவாக 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வகுப்பு 1 என்பது தோளில் மாட்டும் வார் அளவுக்குத்தான். சராசரி வெஸ்ட் வகுப்பு 2இல் வரும்.

பலரும் கோட்டை விடுவது வகுப்பு 3இல். கை இல்லாத வெஸ்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தனியாக வகுப்பு 3 ஆகாது. உடம்போடு சேர்த்துக் கைகளோ முழுநீளக் கால்களோ மூடியிருக்க வேண்டும். மேலே சொன்ன கை கால் விஷயம்தான் இங்கே விதியாக வந்து நிற்கிறது. யாராவது கையில்லாத வெஸ்டைக் காட்டி ‘இது கிளாஸ் 3’ என்றால், சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். அமெரிக்கத் தரநிலையில் ஒரு வசதி உண்டு: வகுப்பு 2 வெஸ்டோடு ‘ஈ’ வகுப்புப் பேன்ட் போட்டால் இரண்டும் சேர்ந்து வகுப்பு 3 கணக்கில் வரும். வெயிலில் முழுக்கைச் சட்டை போட முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. அதே தரநிலையில் ‘ஓ’ என்று குறித்தவை சாலைப் போக்குவரத்து இல்லாத இடங்களுக்கு, ‘ஆர்’ சாலை வேலைக்கு, ‘பி’ போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு. சாலையில் நிற்கிறவருக்கு ‘ஓ’ வாங்கிவிடாதீர்கள்.

எந்த வகுப்பு எனக்கு வேண்டும்? ஐஎஸ்ஓ தரநிலையே ஒரு வழிகாட்டுதல் தருகிறது: பக்கத்தில் ஓடும் வண்டிகள் மணிக்கு 30 கி.மீ. வரை என்றால் வகுப்பு 1, 60 வரை என்றால் 2, அதற்கு மேல் 3. இதை நான் கீழ்வரம்பாகத்தான் எடுத்துக்கொள்வேன். இருட்டு, மழை, வளைவான சாலை, பின்னணியில் கண்ணைக் கூசும் விளக்குகள், முதுகைக் காட்டிக் குனிந்து செய்யும் வேலை இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஒரு படி மேலே போய்விடுங்கள். போர்டில் போட்டிருக்கும் வேக வரம்பைப் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் பறக்கின்றன என்பது அங்கே நிற்கிறவருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள்.

இந்த அளவுகள் எல்லாம் பரப்பளவுக் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். முதுகு நிறையக் கம்பெனி லோகோ அடித்தால் அவ்வளவு ஒளிர் துணி போயிற்று. நீளம் அதிகம் என்று கீழே வெட்டி மடித்துத் தைத்தால் ஒரு பட்டையே போய்விடும். தையற்காரர் கைபட்டபின் லேபிளில் இருக்கும் எண் வெறும் அலங்காரம்.

நிறத்தில் பெரிய தத்துவம் இல்லை. பின்னணிக்கு எதிராக எது துலங்குமோ அது. பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிகச் சுலபமாகப் பிடிபடுவது பச்சை கலந்த மஞ்சள். ஆனால் வெயில் பட்ட புல்லும் தளிரும் ஏறக்குறைய அந்த நிறமே. மரம் செடி சூழ்ந்த சாலை என்றால் ஆரஞ்சு நல்லது. கூம்பு, தடுப்பு, இயந்திரம் என்று எல்லாமே ஆரஞ்சாக இருக்கும் சைட்டில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டவர் சாமானோடு சாமானாகிவிடுவார், அங்கே மஞ்சள். சிவப்பையும் தரநிலைகள் ஏற்கின்றன. எனக்கு அதில் மனமில்லை, சிவப்பு மங்கித் தெரியும் கண்கள் ஓட்டுநர்களிலும் உண்டு.

போட்டுப் பார்த்தால் தெரியும் குறைகள்

மேஜைமேல் பார்த்தால் எல்லா ஜாக்கெட்டும் அழகுதான். போட்டுக்கொண்டு வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். குனியட்டும், மண்வெட்டி பிடிக்கட்டும், ஏணி ஏறட்டும். தொளதொளவென்று இருந்தால் பட்டை மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும், ஓரம் இயந்திரத்தில் மாட்டும். இறுக்கமாக இருந்தால் ஜிப்பைத் திறந்துவிட்டே திரிவார்கள். முன்பக்கம் திறந்த வெஸ்ட் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் தொங்கும், எதிரில் வருகிறவருக்கு உள்ளே இருக்கும் கறுப்பு பனியன்தான் தெரியும். பெண் தொழிலாளர்களுக்கு ஆண்களின் பெரிய சைஸைக் கொடுத்துச் சமாளிக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவர்கள் அதை முடிச்சுப் போட்டுச் சுருக்கிக்கொள்கிறார்கள், பட்டையும் சேர்ந்து சுருங்குகிறது.

மேலே என்ன வரும் என்றும் பாருங்கள். மழை வந்ததும் கருநீல ரெயின்கோட்டை வெஸ்டின்மேல் மாட்டிக்கொண்டால், மிக மோசமாகக் கண் தெரியும் நேரத்தில் ஆள் மறைந்துவிடுவார். ரெயின்கோட்டே ஒளிர் துணியும் பட்டையும் உள்ளதாக இருக்க வேண்டும். முதுகுப்பை, பாதுகாப்புக் கச்சை, கழுத்தில் தொங்கும் துண்டு எல்லாமே பட்டையை மறைப்பவை. மணிகள் வெளியே திறந்திருக்கும் சில பட்டைகள் நனைந்தால் ஒளியைத் திருப்பி அனுப்பும் சக்தியை நன்றாகவே இழக்கும். வாங்குமுன் தண்ணீர் தெளித்து ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

சுழலும் இயந்திரமோ நகரும் வண்டியோ பக்கத்தில் இருந்தால், இழுத்தால் தோளிலும் பக்கவாட்டிலும் பிய்ந்துகொண்டு வரும் வெல்க்ரோ வெஸ்டாகப் பாருங்கள். எங்காவது மாட்டினால் துணி மட்டும் போகும், ஆள் தப்புவார். வெல்டிங், சூடான தார், மின்பொறி என்றால் சாதாரண பாலியெஸ்டர் கூடவே கூடாது. அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீ தாங்கும் துணியில் செய்த ஒளிர் உடை தனியாகக் கிடைக்கிறது. உள்ளே தீ தாங்கும் சட்டையும் வெளியே சாதாரண வெஸ்டும் போடுவது அதற்கு ஈடாகாது.

எப்போது தூக்கிப் போடுவது

ஐஎஸ்ஓ தரநிலையில் புதுப் பட்டைக்கு ஒளியைத் திருப்பும் திறன் குறைந்தது 330 என்ற அளவு இருக்க வேண்டும். தேய்த்து, மடக்கி, துவைத்துச் சோதித்தபிறகும் 100க்குக் கீழே இறங்கக் கூடாது. தினம் தினம் பார்க்கிற கண்ணுக்கு இந்த இறக்கம் தெரியவே தெரியாது. துணியின் கதையும் அதுதான், எந்த வெயிலை விழுங்கி ஒளிர்கிறதோ அந்த வெயிலே சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது.

லேபிளில் 25 முறை, 50 முறை என்று துவைக்கும் எண்ணிக்கை போட்டிருந்தால் அது துவைப்புக்கு மட்டும். வெயிலுக்கும் தாருக்கும் உரசலுக்கும் கணக்கு வேறு. உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, மிதமான சோப்பில் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சும் துணி மிருதுவாக்கியும் வேண்டாம். பட்டைமேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. அழுக்காகவே விட்டாலும் பிரச்சினைதான், மண் படிந்த துணி ஒளிராது, மண் படிந்த பட்டை எதையும் திருப்பி அனுப்பாது.

சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு முறை புது ஜாக்கெட் வாங்கும்போதும் ஒன்றைப் பிரிக்காமல் பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, உபயோகத்தில் இருப்பவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகலில் நிழலான இடத்தில் துணியை ஒப்பிடுங்கள், இருட்டில் டார்ச்சை நெற்றியில் ஒட்டிவைத்துப் பட்டையை ஒப்பிடுங்கள். நேற்றுவரை ‘இன்னும் நல்லாத்தானே இருக்கு’ என்று தோன்றியது, புதிதின் பக்கத்தில் வைத்ததும் வெளிறிப்போய் நிற்கும்.

அப்படி ஒதுக்கியதை மூலையில் போடாதீர்கள். பட்டையைக் கத்தரியால் குறுக்கே வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் அடுத்த வாரம் புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு யாராவது அதையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.